‘புஷ் போயிருக்காம்’: ஒரு மதிப்பீட்டுச் சீட்டின் மொழி குறித்து

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பொருளின் விலை நியாயமானதா என்று அறிய எவரும் வல்லுநரைத் தேடிப் போவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய அந்த அங்காடியில், தமிழும் மலையாளமும் கலந்தே விலை பேசப்பட்டுவருகிறது. அரிசி வாங்க வந்தவர் மூட்டையில் குத்தூசியைச் செலுத்துகிறார். விழுந்த மணிகளை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கிறார். ஒன்றைக் கடித்துப் பார்க்கிறார். நொய் எவ்வளவு, பழையதா புதியதா, ஈரம் காய்ந்ததா என்பவற்றைச் சொல்ல விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே சொற்கள் இருக்கின்றன. ஆகவே அங்கே பேரம் என்பது பூசலன்று. ஒரே அகராதியைக் கையில் வைத்திருக்கும் இருவரின் உரையாடல். அந்தத் தெருவிலேயே கடை நடத்திக்கொண்டு அதன் மனிதர்களைக் கதைகளாக்கிய ஆ. மாதவனை வாசித்தவர்களுக்கு, சாலையின் காது எவ்வளவு கூர்மையானது என்பது தெரியும்.

அதே தெருவின் மளிகை வணிகர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். பத்தாண்டுப் பழமையான சிறிய கார். வாரம் ஒருமுறை பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குப் போய்வரும் வண்டி. திரும்பும்போது பின்னிருக்கையில் இரண்டு மூட்டைகளாவது இருக்கும். சில வாரங்களாக முன்பக்கம் ‘டக் டக்’ என்று ஓசை. பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்த்த ஆசான் சொல்கிறார்: “புஷ் போயி, அண்ணாச்சி. லோயர் ஆமும் ஷாக்கும் மாற்றணும்.” கையில் ஒரு சீட்டு தரப்படுகிறது. ஏழெட்டு வரிகள், கீழே ஒரு கூட்டுத்தொகை. வீட்டிற்கு வந்து வணிகர் மனைவியிடம் சொல்கிறார்: “புஷ் போயிருக்காம்.”

மொழியியல் மாணவர்களுக்கு இந்த ‘ஆம்’ நன்கு அறிமுகமானது. தான் நேரில் கண்டதன்று, பிறர் சொல்லக் கேட்டது என்பதைத் தமிழ் வினையின் இறுதியில் ஒட்டிவைக்கும் இடைச்சொல் அது. மலையாளத்தில் இதே பணியை ‘அத்ரே’ செய்கிறது. குத்தூசி போட்டுப் பார்த்த அரிசியைப் பற்றி அந்த வணிகர் ஒருபோதும் ‘பழையதாம்’ என்று சொல்லமாட்டார். ‘பழசு’ என்றே சொல்வார். சொந்தக் காரைப் பற்றி மட்டும் அவர் கேள்விச் செய்தியை எடுத்துச் செல்பவராகிவிடுகிறார். சஸ்பென்ஷன் பழுதுக்கான ஒரு மதிப்பீடு நியாயமானதா என்ற கேள்வி இந்த ‘ஆம்’ என்ற ஒட்டில்தான் தொடங்குகிறது, கூட்டுத்தொகையில் அன்று.

பொதுவாக மக்கள் கூட்டுத்தொகையைத்தான் பார்க்கிறார்கள். இன்னொரு பட்டறையில் விசாரிக்கிறார்கள். அங்கே மூவாயிரம் குறைவு என்றால் முதலாமவர் கொள்ளைக்காரர் என்று முடிவு செய்கிறார்கள். இந்த ஒப்பீடு பெரும்பாலும் பொருளற்றது. ஒரு சீட்டில் இரண்டு ஷாக் அப்சார்பரும் இரண்டு லோயர் ஆர்மும் இருக்கும். மற்றதில் புஷ் மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே நோய்க்கான இரு மருந்துச் சீட்டுகள் அல்ல. இரு வேறு நோய்க்கணிப்புகள். நோய்க்கணிப்பு வேறுபடும்போது விலையை ஒப்பிடுவது, அரிசி விலையையும் உளுந்து விலையையும் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

இந்தத் தடுமாற்றத்திற்குப் பொருளியலில் ஐம்பதாண்டுக்கும் மேலான விளக்கம் ஒன்று உண்டு. 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, வாங்கிய பிறகும் தரத்தை அறிய முடியாத பண்டங்களைத் தனி இனமாக வகுத்தது. நம்பிக்கைப் பண்டங்கள் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். அரிசியைச் சமைத்தால் தெரிந்துவிடும். ஆனால் கார் பழுதுபார்ப்பில், நோயைக் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரே. வேலை முடிந்த பின்னும் அந்த வேலை தேவைப்பட்டதா என்று உரிமையாளரால் அறிய இயலாது. ஆறு பாகங்களை மாற்றிய பிறகு ஓசை நின்றுவிட்டது என்றால், ஆறும் கெட்டிருந்தன என்பதற்கு அது சான்றாகாது. அவற்றுள் ஒன்று கெட்டிருந்தது என்பதற்கு மட்டுமே சான்று. ‘சத்தம் நின்றுவிட்டதே, பிறகென்ன’ என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

‘புஷ் போயிற்று’ என்ற வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் செய்தவர் இல்லை, காரணம் இல்லை, அளவும் இல்லை. எந்தப் புஷ்? லோயர் ஆர்மின் முன்புற ரப்பரா, பின்புறத்ததா, ஸ்டெபிலைசர் தண்டைப் பிடித்திருக்கும் சிறு ரப்பரா? எந்தப் பக்கம்? எப்படித் தெரிந்தது? ‘போயிற்று’ என்பது மரணத்திற்கும் மின்சாரத்திற்கும் மானத்திற்கும் பயன்படும் சொல். பொறியியலுக்கு அது போதாது. ஒரு நியாயமான மதிப்பீட்டின் முதல் இலக்கணம், ‘போயிற்று’ என்பதற்குப் பதிலாகக் கண்ணால் காணத்தக்க ஒன்றைச் சொல்வது: இடப்பக்க லோயர் ஆர்மின் பின் ரப்பர் கிழிந்து உலோகத்திலிருந்து விலகியிருக்கிறது, வலப்பக்க ஷாக் அப்சார்பரின் உடலில் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருக்கிறது, பால் ஜாயின்ட்டை நெம்பினால் ஆட்டம் இருக்கிறது. இவை ஒவ்வொன்றும், வண்டி உயரத் தூக்கப்பட்டிருக்கும்போது அடியில் நின்று இரண்டு நிமிடத்தில் காட்டத்தக்கவை. பட்டறைக்கும் ஒரு குத்தூசி உண்டு. ஒரு நெம்புகோலும் கைவிளக்கும்தான் அது. அதைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

ஓசைக்கும் ஓரளவு இலக்கணம் உண்டு. மெதுவாகச் செல்லும்போது சிறு மேடுபள்ளங்களில் எழும் கட்டையான ‘டக் டக்’ ஓசைக்குப் பெரும்பாலும் ஸ்டெபிலைசரின் லிங்க் ராடோ அதன் ரப்பரோ காரணமாகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்புறத்தில் ஒரு முனகலும் துள்ளலும் தோன்றினால், ஸ்ட்ரட்டின் மேற்பகுதியிலுள்ள மவுண்ட்டையும் அதன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். வேகத்தோடு சேர்ந்து உயரும் ரீங்காரம் பெரும்பாலும் சக்கர பேரிங் அல்லது டயரின் குரல், சஸ்பென்ஷனின் குரலன்று. ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் ஓசையைவிட அசைவே அதிகம் தெரியும்: வேகத்தடையைக் கடந்த பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை எழுந்து தாழும். இவை உறுதியான விதிகள் அல்ல. ஒன்று மற்றொன்றைப் போல நடிக்கவும் செய்யும். ஆயினும் ‘டக் டக்’ என்ற ஓசைக்காகப் போனவருக்கு நான்கு ஷாக் அப்சார்பர்களும் மாற்ற வேண்டும் என்ற சீட்டு கிடைத்தால், இடையில் ஒரு விளக்கம் விடுபட்டிருக்கிறது என்பதை உணர இந்த அறிவு போதும்.

மறுதிசையிலும் அநியாயம் நிகழ்கிறது. ஒரே பக்கத்து ஷாக் அப்சார்பரில் மட்டும் எண்ணெய் வழியும்போது ஆசான் இரண்டு பக்கமும் மாற்றச் சொன்னால், அது ஏமாற்று என்று பலர் கருதுகிறார்கள். அது தவறு. ஒரே அச்சின் இரு பக்கங்களும் ஒரே அளவில் அதிர்வைத் தாங்க வேண்டும். புதியதும் பழையதும் இணைந்தால் பிரேக் பிடிக்கும்போதும் திருப்பத்திலும் வண்டியின் நடத்தை மாறும். ஆகவே முன்னிரண்டு என்பது முறை. ஆனால் முன்னிரண்டு தேவை என்பதிலிருந்து பின்னிரண்டும் தேவை என்பது பின்தொடராது.

சீட்டில் கூலிப் பகுதி இன்னும் கவனமாக வாசிக்கத் தக்கது. நம் சிறிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்பே உள்ளது. சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் மேல் மவுண்ட்டும் ஒரே தொகுதியாக நிற்கும். அந்தத் தொகுதியைக் கழற்றினால்தான் மூன்றில் எதையும் மாற்ற முடியும். ஆகவே ஷாக் அப்சார்பர் மாற்ற ஒரு கூலி, மவுண்ட் மாற்ற இன்னொரு முழுக் கூலி என்று இரண்டு வரிகள் இருந்தால், ஒரே கழற்றலுக்கு இருமுறை பணம் கேட்கப்படுகிறது. பல கார்களில் லிங்க் ராடின் மேல்முனை ஸ்ட்ரட்டிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது அதையும் விடுவித்தே ஆக வேண்டும். மலையாளத்தில் முழுமையான சீரமைப்புக்கு ‘அழிச்சுபணி’ என்ற அழகிய சொல் உண்டு: அவிழ்த்துச் செய்யும் பணி. ஒருமுறை அவிழ்த்தால் ஒருமுறைக்கே கூலி என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதே தர்க்கம் பட்டறைக்குச் சாதகமாகவும் பேசும். ‘எப்படியும் கழற்றப் போகிறோம், பக்கத்து ரப்பரும் தேய்ந்திருக்கிறது, சேர்த்தே மாற்றிவிட்டால் இன்னொரு கூலி மிச்சம்’ என்று ஆசான் சொல்வது நேர்மையான அறிவுரையாகவே இருக்கக்கூடும். ஆனால் அவர் அதை அப்படியே சொல்ல வேண்டும். உடனே மாற்றாவிட்டால் ஆபத்து என்பதும், சேர்த்து மாற்றினால் சிக்கனம் என்பதும், ஆறு மாதம் பொறுக்கலாம் என்பதும் சீட்டில் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் நிற்பதுதான் பெரும் தீங்கு. பால் ஜாயின்ட் முற்றிலும் கழன்றால் சக்கரம் ஒருபுறம் சாய்ந்து வண்டி நின்றுவிடும். டை ராட் முனை கழன்றால் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகும். இவை உயிர் தொடர்பானவை. லிங்க் ராட் தேய்ந்தால் பெரும்பாலும் எரிச்சலூட்டும் ஓசைதான். பணம் போதாத வணிகர் ஒருவர் கூட்டுத்தொகையைக் கண்டு மலைத்து, ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று சீட்டையே மடித்து வைத்துவிடும்போது, லிங்க் ராடுடன் பால் ஜாயின்ட்டும் தள்ளிப்போகிறது. தெளிவற்ற மதிப்பீட்டின் விலை எப்போதும் பணத்தில் மட்டும் செலுத்தப்படுவதில்லை.

பாகங்களின் விலைக்கு வந்தால், ‘ஒரிஜினல்’ என்ற சொல் இந்தத் துறையில் மிகவும் தேய்ந்த புஷ்களில் ஒன்று. கார் நிறுவனங்கள் ஷாக் அப்சார்பர்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் பெரும்பாலும் பிற உற்பத்தியாளர்களிடமிருந்து வாங்குகின்றன. கேப்ரியல் போன்ற நிறுவனங்கள் ஷாக் அப்சார்பர்களையும், சென்னையின் ரானே மெட்ராஸ் போன்றவை ஸ்டியரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளையும் கார் ஆலைகளுக்கும் வழங்குகின்றன. தம் பெயரிட்ட பெட்டியில் கடைகளுக்கும் அனுப்புகின்றன. ஆகவே கார் நிறுவனத்தின் பெட்டியா, உற்பத்தியாளரின் பெட்டியா, பெயரற்ற பெட்டியா என்ற மூன்றும் மூன்று விலைகள். எது என்று எழுதாமல் ‘லோயர் ஆர்ம் – 2’ என்று மட்டும் எழுதிய வரியின் விலை கூடுதலா குறைவா என்று சொல்ல எவராலும் இயலாது.

பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளும் உட்பட்டது. 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. ஓர் எடுத்துக்காட்டுக்கு, பெட்டியில் 1,180 ரூபாய் என்றிருந்தால் அதில் 180 ரூபாய் ஏற்கெனவே வரி. சீட்டில் 1,180 என்று எழுதி, கீழே மீண்டும் 18 விழுக்காடு சேர்த்து 1,392 ஆக்கினால் அது கணக்குப் பிழையாகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். கேட்டுத் திருத்த வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்கள் அனைத்திற்கும் ஜிஎஸ்டி 18 விழுக்காடே. அதற்குமுன் பெரும்பாலான கார் பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய பழக்கத்தில் 28 என்றே சேர்க்கும் சீட்டை மறுக்கலாம். பதிவெண் இல்லாத பட்டறையின் சீட்டிலோ, வரி என்றொரு வரியே இருக்கக் கூடாது.

உரிமையாளரிடம் மட்டுமின்றிச் சிறு பட்டறையிடமும் தகவல் மறைக்கப்பட்டது என்பதற்கு இந்தியாவில் ஒரு பெரிய வழக்கு உண்டு. 2011இல் தொடங்கிய அந்த வழக்கில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று பதினான்கு கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தியது, காரை வாங்கியவரை ஒரே வலையமைப்பிற்குள் பூட்டிவைத்தது என்பவை ஆணையத்தின் முடிவுகள். பாகங்கள் சிலவற்றின் விலையில் நூறு விழுக்காட்டிற்கும் மேல் ஏற்றம் இருந்ததும் அந்த விசாரணையில் வெளிப்பட்டது. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் முறையீட்டில், தவறு நடந்தது என்ற முடிவை ஏற்று, தண்டத்தைக் கணக்கிடும் அடிப்படையை மட்டும் மாற்றியது. தெருமுனைப் பட்டறையின் சீட்டைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொகையை நினைவில் வைப்பது நல்லது. சிறிய ஏமாற்றை உடனே காணும் கண்ணுக்கு, மேலே நடக்கும் பெரிய பூட்டு தெரிவதில்லை.

அளவிலும் பளபளப்பிலும் நேர்மை இல்லை என்பதற்கு அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் சாட்சி. 1992 ஜூனில் கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை, அந்நிறுவனத்தின் கார் பழுதுபார்ப்பு மையங்களில் மாற்றுடை அதிகாரிகளை அனுப்பி நடத்திய விசாரணையின் முடிவுகளை வெளியிட்டது. தேவையற்ற வேலைகள் தொடர்ந்து விற்கப்பட்டிருந்தன. காரணம் தனிமனிதத் தீமை அன்று. ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங், பிரேக், அலைன்மென்ட் என்று பொருள்வாரியாக ஊழியர்களுக்கு விதிக்கப்பட்ட விற்பனை இலக்கும் கமிஷனும்தான். நிறுவனம் பின்னர் அந்தக் கமிஷன் முறையைக் கைவிட்டது. குளிரூட்டிய வரவேற்பறையும் அச்சிட்ட சீட்டும் நேர்மைக்கு உத்தரவாதம் என்று கருதுபவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கமிஷன் இல்லாத தெருப் பட்டறையில் பாகங்கள் பெருகுவது ஏன் என்ற கேள்விக்கு விடை, வாடிக்கையாளரிடமும் இருக்கிறது. இது பலருக்கு உவப்பாக இராது. நம் ஊர்களில் பாகத்தின் விலையைப் பேசாமல் கொடுப்பவர்களும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்பதில்லை. ‘ஒரு மணி நேர வேலைக்கு இவ்வளவா?’ என்பது எங்கும் கேட்கும் வாக்கியம். வண்டியைத் தூக்கி, நெம்பி, ஓட்டிப் பார்த்து நோயைக் கண்டறிந்ததற்கு எவரும் தனியே பணம் தருவதில்லை. பார்த்ததற்கே பணமா என்கிறார்கள். மருத்துவருக்குப் பார்த்ததற்குத்தான் பணம் தருகிறோம் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை. கூலியில் கிடைக்காத வருவாயை ஆசான் பாகத்தின் இலாபத்தில் தேடுகிறார். இருபது ரூபாய் ரப்பரை நுட்பமாக மாற்றி நானூறு ரூபாய் கூலி கேட்பவர் பேராசைக்காரர் என்று பெயரெடுக்கிறார்; முழு லோயர் ஆர்மையும் மாற்றிக் கூலியே இல்லை என்று சொல்பவர் நல்லவராகிறார். எந்தத் திறனுக்கு விலை மறுக்கப்படுகிறதோ அந்தத் திறன் பட்டறையிலிருந்து மறைகிறது. பாகத்தை முழுதாக மாற்றுவது மட்டும் எஞ்சுகிறது.

எனவே சீட்டைப் படிக்கும்போது, கூலி கண்ணுக்குத் தெரியும்படி தனியே எழுதப்பட்டிருப்பதை நல்ல அடையாளமாகக் கொள்ள வேண்டும், அது சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும். கூலியே இல்லாத, எல்லாம் பாகத்துக்குள் கரைந்துபோன சீட்டையே ஐயுற வேண்டும். ‘கண்டறிந்ததற்கு இவ்வளவு, வேலை இங்கேயே செய்தால் அதில் கழித்துக்கொள்வோம்’ என்று சொல்லும் பட்டறையைத் திட்டாமல் ஆதரிப்பதே முறை. கண்டறிபவருக்குத் தனியே பணம் கொடுத்தால், விற்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் குறைகிறது.

இவ்வளவு எழுத்துவேலையைச் சிறு பட்டறையால் செய்ய முடியுமா என்று கேட்கப்படும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் போதும். கிழிந்த ரப்பரின் படம் கைப்பேசியில் வந்தால் ஒரு பத்தி விளக்கம் மிச்சம். கலிஃபோர்னியாவில் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்துவழி மதிப்பீடும் உரிமையாளரின் ஒப்புதலும் இன்றி வேலை தொடங்கக் கூடாது. கேட்டால் கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும். இங்கே பழுதுபார்ப்புக்கென்று அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையைத் தருகிறது. வழங்கிய சேவைக்கு ரசீது தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. புகாருக்கு 1915 என்ற எண் உண்டு. ஆனால் பெரும்பாலான சமயங்களில் சட்டம் தேவைப்படுவதில்லை. வேலை தொடங்கும் முன்பே, ‘பழையதை டிக்கியில் போட்டுவையுங்கள், ஆசானே’ என்று சிரித்த முகத்துடன் சொன்னால் போதும்.

வண்டி திரும்ப வரும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. லோயர் ஆர்ம், டை ராட், ஸ்ட்ரட் இவற்றுள் ஏதேனும் கழற்றப்பட்டிருந்தால் வீல் அலைன்மென்ட் தேவை. லிங்க் ராட் மட்டும் மாற்றியதற்கு அது வேண்டியதில்லை. ரப்பர் புஷ் உள்ள பாகங்களின் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் எடை முழுதும் இறங்கிய நிலையிலேயே இறுதியாக முறுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே முறுக்கிவிட்டால் ரப்பர் எப்போதும் திருகிய நிலையிலேயே இருந்து, சில மாதங்களில் கிழிந்துவிடும். அப்போது மீண்டும் அதே ஓசை கேட்கும். பாகம் போலி என்று கடைக்காரர்மேல் பழி விழும். போல்ட்டை எந்த நிலையில் முறுக்கினீர்கள் என்று ஆசானிடம் கேட்டுப் பார்க்கலாம்.